தாத்தாவின் பெட்டியில் இருந்தது டிக்கெட் குறடு இல்லை

கேள்வி இதுதான். பொன்மலை ரயில்வே பணிமனையில் தச்சராக இருந்த தாத்தாவின் சாமான் பெட்டியை வீடு மாற்றும்போது திறந்திருக்கிறீர்கள். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் தெரிகிறது. ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. குறடு மாதிரி இரண்டு கைப்பிடி, ஆனால் கடிக்கிற வாய் இல்லை. முன்னால் பழைய கால் ரூபாய் அகலத்தில் ஒரு வட்டு, அதன் ஓரமாக 4 முதல் 12 வரை எண்கள். கைப்பிடியை அழுத்தினால் உள்ளிருந்து ஒரு சின்ன இரும்புக் குச்சி வந்து வட்டின் விளிம்பில் முட்டுகிறது, விட்டால் பின்னால் போய்விடுகிறது. அப்பா டிக்கெட்டில் ஓட்டை போடுகிற குறடு என்கிறார். சித்தப்பா, சரக்கு வண்டிக் கதவுக்கு ஈய முத்திரை வைப்பது என்கிறார். இரும்புக் கடைக்காரர் பெல்ட்டுக்குத் துளை போடுவது என்று அடித்துச் சொல்லிவிட்டார். கூடவே ஓரத்தில் வெவ்வேறு அகலத்தில் வெட்டு விழுந்த ஒரு தட்டை இரும்பு. அது சைக்கிள் ஸ்போக் திருகுகிற சாவியாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

மூன்று பேர் சொன்னதும் தப்பு. ஸ்போக் சாவியும் தப்பு. அது ரம்பத்தின் பல்லைச் சாய்க்கிற கருவி. கடையில் சா செட் என்று கேட்டால் பழைய ஆட்களுக்குப் புரியும். அந்தத் தட்டை இரும்பும் அதே வேலைக்குத்தான். அதற்குப் பிறகு வருகிறேன், அது இதைவிட சுவாரசியம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் துருவுக்கு அடியில் எக்லிப்ஸ் என்ற பெயரும் 77 என்ற எண்ணும் தெரிகின்றன. ஆனால் அந்த எழுத்து அழிந்து போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். தெரியாத கருவி கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பெயரைத் தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை. கருவியில் எங்கே பளபளப்போ அங்கேதான் வேலை நடந்திருக்கிறது. உங்கள் படத்தில் உடம்பு முழுக்கத் துரு. இரண்டே இடம் மின்னுகிறது. ஒன்று கைப்பிடியில் விரல் படுகிற இடம். இன்னொன்று அந்தக் குச்சியின் முனை. வட்டின் விளிம்பிலும் ஒரே ஒரு இடத்தில் மங்கலான தேய்மானம் இருக்கிறது, 8க்கு நேராக. குச்சிக்கும் வட்டுக்கும் நடுவே ஏதோ ஒரு மெல்லிய இரும்புப் பொருள் பல்லாயிரம் தடவை நசுங்கியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். காகிதமோ தோலோ எஃகை இப்படித் தேய்க்காது.

டிக்கெட் குறடாக இருந்தால் ஒரு பக்கம் துளைக்கிற முனையும் எதிரே அது நுழைய ஓட்டையும் இருக்க வேண்டும், வெட்டின துணுக்கு விழ வழி வேண்டும். இதில் அது எதுவும் இல்லை. ஈய முத்திரைக் குறட்டின் இரண்டு தாடையிலும் எழுத்தோ எண்ணோ எதிரெதிராக வெட்டியிருக்கும், அழுத்தினால் ஈயத்தில் பதிய வேண்டுமே. பெல்ட் துளைக்கும் குறட்டிலும் ஒரு சுழலும் சக்கரம் உண்டு, கடைக்காரர் ஏமாந்தது அதில்தான். ஆனால் அந்தச் சக்கரத்தில் வெவ்வேறு தடிமனில் குழாய் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும். உங்களுடையது வழவழப்பான வட்டு, விளிம்பில் ஒரு சரிவு மட்டும்.

அந்தச் சரிவுதான் எல்லாமே.

வட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். விளிம்பை ஒரு சாய்வாகச் சீவியிருப்பார்கள். 4 என்ற எண் பக்கம் அந்தச் சாய்வு அகலமாக இருக்கும். சுற்றிக்கொண்டே வந்தால் மெல்ல ஒடுங்கி, 12க்கு வரும்போது நகக்கீறல் அளவுக்குக் குறுகிவிடும். எண்கள் மில்லிமீட்டரும் இல்லை, ஆணி அளவும் இல்லை. ஒரு அங்குலத்தில் ரம்பத்துக்கு எத்தனை பல் முனை என்ற கணக்கு. 4 என்றால் முரட்டுப் பல், 12 என்றால் பொடிப் பல். பெரிய பல்லை அதிக உயரத்துக்கு வளைக்க வேண்டும், சின்னப் பல்லை நுனியில் மட்டும் தொட வேண்டும், அதனால்தான் சாய்வின் அகலம் மாறுகிறது. எண்ணும்போது ஒரு விஷயம்: அங்குலத்தின் தொடக்கத்தில் நிற்கும் முனை, முடிவில் நிற்கும் முனை இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். அதனால் 8 முனை ரம்பம் என்றால் உண்மையில் அங்குலத்துக்கு 7 பல்தான். இதில் குழம்பாத புதுத் தச்சர் கிடையாது.

சரி, பல்லை எதற்குச் சாய்க்க வேண்டும்?

ஒரு தகட்டில் நேர் நேராகப் பல் வெட்டி மரத்தில் இழுத்துப் பாருங்கள். முதல் ஒரு அங்குலம் சுகமாகப் போகும். அப்புறம் பிடித்துக்கொள்ளும். பல் வெட்டுகிற பள்ளத்தின் அகலமும் தகட்டின் தடிமனும் ஒன்றாக இருப்பதால், உள்ளே போன தகட்டை மரம் இரண்டு பக்கமும் கவ்வுகிறது. தூள் வெளியேற வழியில்லை. உராய்வில் தகடு சூடாகி விரிந்து இன்னும் இறுகும். அதனால் ஒரு பல்லை இடது பக்கம், அடுத்ததை வலது பக்கம் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் சாய்த்துவிடுவார்கள். பள்ளம் தகட்டைவிட ஒரு மயிரிழை அகலமாகும், ரம்பம் தாராளமாக ஓடும். மயிரிழை என்று சும்மா சொல்லவில்லை. 0.9 மில்லிமீட்டர் தகட்டுக்கு வெட்டு 1.2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பக்கத்துக்கு 0.15 மில்லிமீட்டர், அதாவது செய்தித்தாள் இரண்டு தாளின் தடிமன்தான். அதற்கு மேல் சாய்த்தால் மரமும் வீண், கையும் வலிக்கும், வெட்டும் கோணலாகும்.

இது புதுசாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. கிறிஸ்துவுக்கு முன்பே, செடிகொடிகளைப் பற்றி எழுதிய கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், பச்சை மரத்தை அறுக்கும்போது ஈரத் தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் ரம்பப் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராகச் சாய்க்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். பிறகு ரோமாபுரியின் பிளினியும் அதையே சொல்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக இந்தச் சாய்ப்பு இருக்கிறது. சாய்க்கிற கருவிதான் மாறிக்கொண்டே வந்தது.

உங்கள் பெட்டியில் அந்த மாற்றத்தின் இரண்டு படிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நீங்கள் ஸ்போக் சாவி என்று நினைத்த தட்டை இரும்பை எடுங்கள். ஓரத்தில் இருக்கும் வெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு அகலம் இருக்கும், ஒரு தகட்டுத் தடிமனுக்கு ஒன்று. பொருந்துகிற வெட்டைப் பல்லின் மேல் மாட்டி, தட்டையைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தால் பல் வளையும். அவ்வளவுதான் இயந்திரம். எவ்வளவு சாய்ந்தது என்பதற்கு அளவுகோல் ஆளின் மணிக்கட்டுதான். கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் அழகாக வரும். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலாக இருந்தால் ரம்பத்துக்கும் காய்ச்சல். ஸ்போக் சாவியில் வெட்டுகள் நாலு பட்டை நிப்பிளைக் கவ்வும் அளவுக்கு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். இதில் ஒடுக்கமாக, ஆழமாக, ரம்பத் தகடு மட்டும் நுழைகிற மாதிரி இருக்கும். ஒரு பழைய ரம்பத் தகட்டைக் கொண்டுபோய் நுழைத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

அந்த மணிக்கட்டுக் கணக்கை இரும்புக்குள் வைத்துப் பூட்டியதுதான் இந்த 77. மெதுவாக அழுத்திப் பார்த்தால் அதற்குள் இரண்டு அசைவு இருப்பது தெரியும். கைப்பிடி பாதி வரும்போது குச்சியைச் சுற்றியிருக்கும் வெளித்துண்டு முன்னால் வந்து ரம்பத் தகட்டை வட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. இன்னும் அழுத்தினால் நடுக்குச்சி மட்டும் முன்னேறி, ஒரே ஒரு பல்லை அந்தச் சரிவின் மேல் வளைக்கிறது. முதலில் பிடி, பிறகு அடி. தகடு நகராததால் ஒவ்வொரு பல்லும் ஒரே அளவு சாயும். உங்கள் கருவியில் துரு ஏறி இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே குச்சி மாதிரி வருகிறது என்று நினைக்கிறேன். எண்ணெய் விட்டுப் பிரித்தால் இரண்டாகிவிடும்.

கம்பெனி விஷயம் சுருக்கமாக. எக்லிப்ஸ் என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1889இல் ஜேம்ஸ் நீல் தொடங்கிய எஃகு நிறுவனத்தின் வணிகப் பெயர். இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு என்றால் நம் ஊர்ப் பட்டறைகளிலும் ஒரு காலத்தில் அந்தப் பெயர் வாயில் புழங்கியது. 77 அவர்கள் ஏராளமாகச் செய்து விற்ற சரக்கு, அபூர்வம் ஒன்றும் இல்லை. புதையல் கிடைத்துவிட்டது என்று யாராவது விலை பேச வந்தால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுங்கள்.

பொன்மலையில் இது இருந்ததில் ஆச்சரியமே இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு வந்தது. 1955இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கி முழு இரும்புப் பெட்டிகள் பெருகும் வரை, ரயில் பெட்டி என்றாலே பெரும்பாலும் மரவேலைதான். அத்தனை தச்சர்கள் தினமும் தேக்கு அறுத்தால் ரம்பத்துக்கு வாரா வாரம் வைத்தியம் தேவைப்படும். கைப்பிடியின் அடியில் எழுத்து ஏதும் குத்தியிருக்கிறதா பாருங்கள். தொழிலாளிகள் சாமான் மாறிவிடாமல் இருக்கத் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் குத்தி வைப்பார்கள். ரயில்வேயின் எழுத்து குத்தியிருந்தால்... அந்த ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை, தாத்தா நல்ல மனுஷராகவே இருக்கட்டும்.

இவ்வளவு சாதாரணமான பொருள் ஏன் இன்றைக்கு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை? கடையில் இப்போது கிடைக்கும் கைரம்பத்தின் பல்லைப் பாருங்கள், நுனி மட்டும் நீலக் கறுப்பாக இருக்கும். மின்தூண்டலில் சூடாக்கி அந்த நுனியை மட்டும் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். ரொம்ப நாள் மழுங்காது, ஆனால் அரமும் ஏறாது, வளைத்தால் பட்டென்று உடையும். மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். வட்ட ரம்பத்தில் பல்லுக்குப் பதில் கார்பைடு துண்டு ஒட்டியிருக்கிறது, துண்டே தகட்டைவிட அகலம், சாய்க்கிற வேலையே இல்லை. கூர் போடுகிற பழக்கம் போனதும் கூர் போடுகிறவர் போனார், அவர் பெட்டியிலிருந்த சாமான்களுக்குப் பெயரும் போய்விட்டது. எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஒரு நல்ல எஃகு ரம்பம் அரத்தைத் தாங்கித் தாங்கி ஒரு ஆயுள் முழுக்க உழைக்கும். இப்போதைய ரம்பம் ஒரு வீட்டு வேலை முடிவதற்குள் குப்பைக்குப் போகிறது.

சுத்தம் செய்வதாக இருந்தால் கிரைண்டரை மட்டும் எடுக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்த வட்டின் சரிவைக் கிரைண்டர் ஒரு நொடி தொட்டாலும் கருவி செத்தது. ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் போட்டு வையுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். வட்டை இறுக்கியிருக்கும் திருகு வரவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் ஊறட்டும், குறடு போட்டு முறுக்காதீர்கள், தலை தேய்ந்துவிடும். வந்த பிறகு ஸ்பிரிங்குக்கும் குச்சிக்கும் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பெயின்ட் வேண்டாம்.

பயன்படுத்திப் பார்க்க ஆசை இருந்தால் பெட்டியிலிருக்கும் பழைய ரம்பத்தையே எடுங்கள். நீலப் பல் ரம்பத்தை மறந்துவிடுங்கள். தகட்டை இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே வைத்து, பல் மேலே தெரிகிற மாதிரி வைஸில் பிடியுங்கள். சட்டத்துக்கு மேலே பல்லும் விரற்கடை அளவு தகடும் மட்டும் தெரிந்தால் போதும், அதிகம் நீட்டினால் தகடு கதறும். பக்கவாட்டில் குனிந்து பார்த்து எந்தப் பல் உங்களைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று. இந்தக் கருவி பல்லை உங்களிடமிருந்து அந்தப் பக்கமாகத்தான் தள்ளும், அதனால் புள்ளி வைத்த பல் மட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் ரம்பத்தைத் திருப்பிப் பிடித்து மீதிப் பற்கள்.

புள்ளி எதற்கு, கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்று நானும் கேட்டவன்தான். பதினேழு வயதில் பெரியப்பா பட்டறையில், அவர் சாப்பிடப் போன நேரத்தில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று ரம்பத்தை எடுத்துப் பல் சாய்க்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு பல்லைத் தவறவிட்டு, அங்கிருந்து எல்லாப் பல்லையும் எதிர்ப்பக்கம் வளைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஏற்கெனவே ஒரு பக்கம் வளைந்து பழகின எஃகு, எதிர்ப்பக்கம் வளைக்க மூன்றாவது பல்லிலேயே உடைந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டை உடைத்துவிட்டுத்தான் நிறுத்தினேன். பெரியப்பா வந்து பார்த்தார், திட்டவில்லை. ரம்பத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "உன் பாட்டி மாதிரி சிரிக்குது பார்" என்றார். அந்த ரம்பம் கடைசி வரை அந்தப் பொக்கை வாயோடுதான் வேலை செய்தது.

வட்டை எந்த எண்ணில் வைப்பது? கணக்குப்படி 8 முனை ரம்பத்துக்கு 8. நான் ஒன்றிரண்டு கூட்டி 9 அல்லது 10இல் வைப்பேன். காய்ந்த தேக்குக்கும் கருவேலத்துக்கும் அந்தக் குறைந்த சாய்வே போதும், வெட்டு வழவழப்பாக வரும். ஈரம் காயாத மாமரம், முருங்கை மாதிரி நார் பிடிக்கிற மரம் என்றால் 8க்கே போங்கள். எதுவானாலும் பல்லின் மேல் பாதி மட்டும்தான் வளைய வேண்டும். அடிவாரத்திலிருந்து வளைந்தால் தகட்டிலேயே விரிசல் விழும். அழுத்தம் எல்லாப் பல்லுக்கும் ஒரே மாதிரி, கைப்பிடி கடைசி வரை போய் நிற்கட்டும். முரட்டுத்தனம் தேவையே இல்லை. கூர் போடுவதாக இருந்தால் சாய்த்து முடித்த பிறகு முப்பட்டை அரம்.

நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. ரம்பத்தின் பல் மேலே இருக்கும்படி கண்ணுக்கு நேராகப் பிடித்தால், இடது வரிசைக்கும் வலது வரிசைக்கும் நடுவே நீளமாக ஒரு வாய்க்கால் தெரியும். மரத்தை நாருக்குக் குறுக்கே அறுக்கிற ரம்பத்தில் இது தெளிவாகவே தெரியும். அந்த வாய்க்காலில் ஒரு தையல் ஊசியை வைத்து ரம்பத்தை லேசாகச் சரித்தால், ஊசி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை விழாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு பல் உள்ளே சாய்ந்து கிடக்கிறது. அறுக்கும்போது வெட்டு ஒரு பக்கமாக ஓடினால், எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கப் பல்லுக்குச் சாய்வு அதிகம். அந்தப் பக்கத்தில் மட்டும் கூர் தீட்டுகிற எண்ணெய்க் கல்லைத் தகட்டோடு படுக்க வைத்து ஒரு தடவை இழுத்துவிட்டால் சரியாகிவிடும். ஒரே தடவை. பிறகு அறுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வட்டு 8இல் துருப்பிடித்து நிற்கிறது, தேய்மானமும் அந்த இடத்தில் மட்டும்தான். பெட்டியில் கைப்பிடி உடைந்த ஒரு ரம்பம் இருப்பதாகச் சொன்னீர்கள். கைப்பிடிக்குக் கீழே, தகட்டின் மூலையில் துருவைத் துடைத்துப் பாருங்கள், பழைய ரம்பங்களில் அங்கே ஒரு எண் குத்தியிருப்பார்கள். இல்லையென்றால் பள்ளிக்கூட அளவுகோலை வைத்து ஒரு அங்குலத்தில் முனைகளை எண்ணுங்கள், இரண்டு ஓரத்தையும் சேர்த்து. 8 வந்தால் தாத்தா கடைசியாகப் பல் சாய்த்தது அந்த ரம்பத்துக்குத்தான். படம் எடுத்து அனுப்புங்கள், கைப்பிடி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.